வேட்டி தின்ற ஆடும் சொல்லுக்கு ஒரு முட்டையும்

சத்தம் போடாமல் கேளுங்கள் பிள்ளைகளே, பெரியவர்களே. இது சத்தமே பிடிக்காத ஒரு ராஜாவின் ஊரில் நடந்த கதை.

முன்னொரு காலத்தில் மௌனாபுரியை ஆண்ட அந்த ராஜாவுக்கு, நியாயசபையில் ஆளாளுக்குக் கத்துவது பெரிய தலைவலியாக இருந்தது. இனி யாரும் தமக்காகத் தாமே பேசக் கூடாது, கூலி கொடுத்து வழக்காடியை அமர்த்தித்தான் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார். ராஜாவின் தலைவலி தீர்ந்தது. ஊருக்குப் பிடித்துக்கொண்டது.

அந்த ஊரில் பவளாயி என்றொருத்தி இருந்தாள். சிங்காரி என்ற ஆட்டின் பாலை விற்றுத்தான் அவள் பிழைப்பு ஓடியது. ஒருநாள் சிங்காரி வேலி தாண்டிப் போய், பக்கத்து வீட்டு வெள்ளையப்பர் காயப்போட்டிருந்த சரிகை வேட்டியை முழுசாகத் தின்றுவிட்டது.

வெள்ளையப்பர் ஆட்டைப் பிடித்துத் தம் கொல்லையில் கட்டிக்கொண்டார். புது வேட்டி வாங்கித் தருகிறேன் என்று பவளாயி கெஞ்சியும் அவர் மசியவில்லை. வேட்டி ஆட்டுக்குள் இருக்கிறதாம், அதனால் ஆடு அவருடைய துணிப்பெட்டியாம். இங்கே பாலில்லாமல் சிங்காரியின் குட்டி கத்திக்கொண்டே கிடந்தது. அதைக் கேட்கப் பொறுக்காமல் பவளாயி நியாயசபைக்கே போக முடிவு செய்தாள்.

அவள் நாவலங்காரர் என்ற வழக்காடியிடம் போனாள். அவருக்குக் கூலி சொல்லுக்கு ஒரு முட்டை. அவளிடம் இருந்ததோ ஒரே ஒரு கோழி. அது நாளுக்கு ஒரு முட்டைதான் இடும்.

முதல் நாள் முட்டையைக் கொடுத்தாள். நாவலங்காரர் சபையில் எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்தார். "வணக்கம்" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் நாள் முட்டையைக் கொடுத்தாள். அவர் எழுந்து தொண்டையைச் செருமினார். நல்லவேளை, அதற்குக் கூலி இல்லை. "அதாவது" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளையப்பரோ களத்து நெல்லையெல்லாம் கொட்டிக் கொடுத்து வேறொரு வழக்காடியை வைத்திருந்தார். அந்த ஆள் இரண்டு நாளும் மூச்சு விடாமல் பேசினார். ஆட்டின் வயிற்றில் என்ன இருந்தாலும் அது வெள்ளையப்பருக்கே சொந்தம் என்று சாதித்தார். நியாயாதிபதியும் அதை ஒப்புக்கொண்டு, மறுநாள் தீர்ப்பு என்றார்.

மூன்றாம் நாள் காலையில் குட்டிக்குக் கத்தக்கூடத் தெம்பில்லை. பவளாயி முட்டையை நீட்டினாள், ஆனால் பிடியை விடவில்லை.

"ஐயா, இந்த முட்டைக்கு என்ன சொல்லப் போறீங்க? அதை முதல்ல எங்கிட்ட சொல்லுங்க."

நாவலங்காரர் திகைத்துப்போனார். இத்தனை வருஷத்தில் அவரை அப்படி யாரும் கேட்டதில்லை. அன்றுதான் அவர் வழக்கைப் பற்றியே யோசித்தார். யோசித்த வேகத்தில் கூலி கேட்கவும் மறந்து, ஆடு கட்டிய கொல்லையை யார் கூட்டுகிறார்கள் என்று விசாரித்தார். வெள்ளையப்பரே கூட்டி, புழுக்கையையெல்லாம் வேலிக்கு மேலே பவளாயி பக்கம் வீசுகிறார் என்று அவள் குறைப்பட்டுக்கொண்டாள்.

"அப்படின்னா ஒரு சொல் போதும்மா. அந்தப் புழுக்கையை ஒரு கூடையில அள்ளிட்டு வா."

சபை கூடியது. நாவலங்காரர் எழுந்து கூடையை நியாயாதிபதி முன்னால் கவிழ்த்தார். புழுக்கைகள் நாலா பக்கமும் உருண்டன. ஒன்றிரண்டில் சரிகை மின்னியது.

"வேட்டி" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

நியாயாதிபதி மூக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். வயிற்றில் இருந்தது வெள்ளையப்பருடையது, அது வெளியே வந்தாயிற்று, இனி அந்தத் துணிப்பெட்டியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டார். வெள்ளையப்பர் தம் வழக்காடியைப் பார்த்தார். கொடுத்த நெல் நேற்றோடு தீர்ந்துவிட்டது என்று அவர் கையை விரித்தார்.

"வெள்ளையப்பரே, உம்ம வேட்டியை வாரிக்கிட்டு அந்த ஆட்டை அவுத்து விடும்" என்றார் நியாயாதிபதி.

வெளியே வந்ததும், இதை முதல் நாளே செய்திருக்கலாமே என்று பவளாயி ஆதங்கப்பட்டாள்.

"முதல் நாளே நீ கேக்கலையேம்மா" என்றார் நாவலங்காரர். சொல்லிவிட்டு, அந்தப் பதிலுக்கு எத்தனை முட்டை என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். பவளாயி ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வர ஓடியே போனாள். அன்று குட்டி வயிறு முட்டப் பால் குடித்தது.

ஆகையால் நல்லவர்களே, வழக்காட ஆள் அமர்த்துகிறவர், கூலியைக் கையில் கொடுக்கும் முன்பே அந்தக் கூலிக்கு அந்த ஆள் என்ன செய்யப் போகிறார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.