விரலுக்குச் சிக்காத மங்கல்

ஞானதிரவியம் ஸ்கேன் படம் பார்த்தே தலை நரைத்த டாக்டர். படத்தில் தெரிகிற நிழல் சதையில் எப்படித்தான் இருக்கும் என்று கற்றுக்கொள்ளும் ஆசை அவருக்கு ஐம்பதுக்கு மேல் வந்தது. தன் ஆஸ்பத்திரியிலேயே திசுவை அறுத்துச் சோதிக்கும் டாக்டர் பர்வீனிடம் போய் உட்கார்ந்தார். பர்வீனுக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். இருந்தால் என்ன, குரு குருதானே.

அன்றைக்கு ஞானதிரவியத்தின் மனசு ஒரு நிலையில் இல்லை. எதிரே தட்டில் செண்பகவல்லியின் நுரையீரலிலிருந்து வெட்டி எடுத்த மடல் ஒன்று, காற்றுப் போன பலூனாகச் சுருங்கிக் கிடந்தது. செண்பகவல்லி விளையாட்டு டீச்சர். விசில் ஊதியே பள்ளிக்கூடத்தை மைதானம் சுற்ற வைக்கிறவர். அவருடைய படத்தில் பனி படர்ந்த மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. சில மாதம் கழித்து எடுத்த படத்திலும் அது போகவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே என்றார் சர்ஜன். இது ஆரம்பப் புற்றுநோய், விட்டால் வம்பு என்று ஒற்றைக்காலில் நின்றவர் ஞானதிரவியம்தான்.

இப்போது மடலைத் தடவித் தடவிப் பார்க்கிறார், கடுகளவு கட்டிகூடத் தட்டுப்படவில்லை. சர்ஜனும் தடவிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டாராம். அதுதான் இவரை இன்னும் சுட்டது.

"மேடம், நல்ல நுரையீரலை வெட்ட வச்சிட்டேனா?"

 பர்வீன் மடலின் மூச்சுக்குழாயில் ஊசிக்குழலைச் செருகி திசுவைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தை மெல்ல மெல்ல ஏற்றினார். ஞானதிரவியத்துக்குப் பொறுமை ஏது? கத்தியை எடுத்து நீட்டி, இப்பவே அறுத்துப் பார்த்துடலாம் என்று நச்சரித்தார். பர்வீன் அதை வாங்கி ஓரமாக வைத்தார். குழாயைக் கட்டி மடலை ஜாடியில் போட்டுவிட்டு, நாளைக்கு வாங்க சார் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்குப் போகிற வழியில் ஏதோ பள்ளிக்கூடத்தில் விசில் சத்தம் கேட்டது. பாவி, என்ன காரியம் பண்ணினேன் என்று தன்னையே திட்டிக்கொண்டார். 

மறுநாள் மடல் பொம்மென்று உப்பியிருந்தது. பர்வீன் அறுத்தார். உள்ளே வெளிறிய ஒரு வட்டம். படத்தில் இருந்த அதே இடம், கிட்டத்தட்ட அதே அகலம். பிறகு மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது புற்றுநோய்தான் என்று உறுதியானது. காற்றறைகளின் சுவரை ஒட்டி ஊர்ந்திருந்ததே தவிர, சுவரைத் தாண்டவில்லை. வெட்டி எடுத்த மடலோடு நோய் முழுசாக வெளியே வந்துவிட்டது. டீச்சர் மறுபடியும் விசில் ஊதலாம்.

ஞானதிரவியத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே பழைய கெத்தும் வந்தது.

"அப்போ என் படம்தான் சரி. தட்டுல கிடந்த சதைதான் பொய் சொல்லியிருக்கு."

"ஸ்கேன் எடுக்கும்போது டீச்சர்கிட்ட என்ன சொன்னீங்க, சார்?"

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான். மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்கன்னு."

பர்வீன் காலித் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னார்:

"தட்டுல கிடந்தப்போ அதுகிட்ட யாரும் அப்படிச் சொல்லலையே."