சட்டைப் பையில் பதிந்த பாட்டு

சீடனைவிடக் குருவுக்கு வயது அதிகம் இருக்க வேண்டும் என்று மக்கள் நம்புகிறார்கள். இது பெரும் பிழை. உடனடியாகத் திருத்தப்பட வேண்டும். ஆலமரத்தடியில் தெற்கு நோக்கி அமர்ந்த குரு இளைஞர். எதிரே அமர்ந்து கேட்டவர்கள் கிழவர்கள். போதாக்குறைக்கு, அந்தக் குரு வாயே திறக்கவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையின் மாடியில் சிறிய ஒலிப்பதிவுக் கூடம் நடத்திய பிரிஸ்கில்லாவுக்கு வயது இருபத்தேழு. அவளிடம் வேலை கற்க வந்த சங்கரலிங்கம் ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர். அவளைக் குருவே என்று கூப்பிட்டார்.

"சார், அப்படிக் கூப்பிடாதீங்க. கீழ கடைக்காரர் சிரிக்காரு."

"சிரிக்கட்டும், குருவே."

அவர் கற்க வந்தது ஒரே ஒரு பதிவுக்காக. அவருடைய மனைவி ஆவுடையம்மாள் தன் தங்கை மகளின் வளைகாப்பில் பாடிய பாட்டு அது. அடுத்த மாதம் அம்மாளுக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. குரல் கரகரத்துப்போனது. பேசப் பேசத் தெளியும் என்றார் டாக்டர். ஆனால் அந்தக் குரல் தன் காதுக்கே பிடிக்காமல் அம்மாள் பேசுவதை விட்டுவிட்டார். காபி வேண்டுமென்றால் டம்ளரைத் தட்டினார்.

பழைய குரலைக் கேட்டால் ஆசை வந்து பேசுவார் என்று நினைத்தார் சங்கரலிங்கம். மனம் வெறுத்து அடியோடு விட்டுவிடவும் கூடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

பதிவோ கோரம். சபையில் போனை நீட்டிப் பிடிப்பது மரியாதை இல்லை என்று, சட்டைப் பையில் வைத்தபடியே பதிந்திருந்தார். பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. வளையல் சத்தம் அதைவிடப் பெரிது. எல்லாவற்றையும்விடப் பெரிது, நடுநடுவே இடியாக விழுந்த "அடடா!" அது பையின் சொந்தக்காரருடையது.

பல நாள் உழைத்து அதைச் சரிசெய்து, ஒரு மாலை குருவுக்குப் போட்டுக் காட்டினார்.

பாட்டு தெளிவாக வந்தது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சத்தம். வளையலும் அதே சத்தம். அம்மாள் மூச்சு வாங்கும் இடங்களில் மின்விசிறியின் இரைச்சல் எழுந்து வந்து அதே சத்தத்தில் நின்றது. அடடா இல்லவே இல்லை.

"திரையைப் பாருங்க குருவே. மேடு பள்ளமே கிடையாது."

"ஆமா சார். புது பைபாஸ் ரோடு மாதிரி இருக்கு."

"இது பாராட்டா?"

"அந்த அடடாவை எல்லாம் என்ன செஞ்சீங்க?"

"வெட்டிட்டேன். அவ பாட்டுல எனக்கு என்ன வேலை?"

பிரிஸ்கில்லா திருத்தாத பதிவை எடுத்தாள். அடடா வரும் இடங்களில் மட்டும் சத்தத்தை நிறுத்திவைத்துவிட்டுப் பாட்டைப் போட்டாள்.

"இந்த இடத்துல அம்மா குரல் கூடுது. ஏன் சார்?"

"மேல் சுரம்."

"முந்தின வரியும் இதே மெட்டுதான். அங்க கூடலையே."

"மூச்சு நல்லா எடுத்திருப்பா."

"இங்கயும் கூடுது. இந்தா, இங்கயும்."

பேராசிரியர் இன்னொரு காரணம் தேடிக்கொண்டிருந்தார். அவள் அடடாக்களைத் திறந்துவிட்டு மறுபடி போட்டாள். குரல் கூடிய ஒவ்வோர் இடத்துக்கும் முன்னால் ஓர் அடடா இருந்தது.

சங்கரலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"அடடாவோட அவ குரல் ஏறினதையும் சேர்த்து வெட்டியிருக்கேன்" என்றார். சற்றுக் கழித்து, "ஆனா இது காதைக் கிழிக்குதே. அவகிட்ட எப்படிப் போட்டுக் காட்ட?" என்றார்.

"வளைகாப்புல நீங்க எங்க உக்காந்திருந்தீங்க?"

"ஆம்பளைங்க எல்லாம் வாசல் பக்கம். பாயசம் அங்கதான் முதல்ல வரும்."

"அம்மா?"

"உள்ள, பொண்ணு பக்கத்துல."

"அப்ப எந்திரிச்சு வெளிய போங்க. இன்னும் கொஞ்சம். படிக்கட்டுக்கே போங்க. அங்க நின்னு சொல்லுங்க."

"என்ன சொல்ல?"

"அடடா."

ஓய்வுபெற்ற பேராசிரியர் மாடிப்படியில் நின்று, வெறும் சுவரைப் பார்த்து அடடா என்றார். கீழே கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இது பொய் அடடா சார். பாட்டைப் போடுதேன். கேட்டுட்டுச் சொல்லுங்க."

பாட்டு படிக்கட்டு வரை போனது. அவர் சொன்னார். பிரிஸ்கில்லா கூடத்துக்குள் கண்ணை மூடிக் கேட்டாள்.

பிறகு திரைக்குத் திரும்பி, பதிவில் இருந்த அடடாக்களை ஒவ்வொன்றாகக் கையால் இறக்கினாள், இப்போது தன் காதில் விழுந்த அளவுக்கு. வளையல்களையும் தணித்தாள். பாட்டு முழுவதையும் ஒரே பிடியாகத் தூக்கினாள். அதன் ஏற்ற இறக்கத்தைத் தொடவில்லை. மின்விசிறியை அதன் போக்கில் விட்டுவிட்டாள்.

சங்கரலிங்கம் உள்ளே வந்து கேட்டார். பாட்டு பக்கத்தில் இருந்தது. அடடா எங்கோ வாசலிலிருந்து வந்தது.

"இவ்வளவு மெல்லிசாவா இருந்துச்சு? நான் சத்தமால்லா சொன்னேன்."

"சத்தமா கேட்டது உங்க பையில இருந்த போனுக்குத்தான், சார். அம்மாவுக்குக் கேட்டது இவ்வளவுதான். இதுக்கே அப்படிப் பாடியிருக்காங்க."

சங்கரலிங்கம் அந்தப் பதிவைப் போனில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.

மறுநாள் அவர் தாமதமாக வந்தார். வீட்டில் பேச்சு நீண்டுவிட்டது என்றார்.