மாப்பிள்ளை சாப்பிட்ட சாம்பச்சேவல்

ஒரு ஊர்ல ஒரு சேவல். ஒண்ணே ஒண்ணுதான். எங்க, ம் கொட்டு பாப்போம். ம்... அப்படித்தான் கேட்டுக்கிட்டே வரணும். நடுவுல தூங்கிட்டு, சேவல் என்னாச்சுன்னு காலையில வந்து என்னப் பிராண்டக் கூடாது.

அந்தச் சேவல் சாம்பல் நிறம். காலு மட்டும் கருகருன்னு இருக்கும். தலையில சின்னதா ஒரு குடுமி. சாம்பக்கோழின்னு அந்த இனத்துக்குப் பேரு. முன்னயெல்லாம் அந்த ஊர்ல வீட்டுக்கு வீடு அதுதான் மேயும். அப்புறம் வேன்ல கூண்டு கூண்டா வெள்ளக்கோழி வந்துச்சா, ஜனங்க அந்தப் பக்கம் சாஞ்சுட்டாங்க. சாம்பக்கோழி குண்டாகாது, முட்டையும் விட்டு விட்டுத்தான் போடும். யாரு வளப்பா? இருளாயின்னு ஒருத்தி மட்டும் வளத்தா. அவகிட்டயும் நெறைய இருந்துச்சு, போன கோடையில வெள்ளக்கழிச்சல்னு கோழிச்சீக்கு வந்து வாரிக்கிட்டுப் போயிருச்சு. மிஞ்சினது ஒரு சேவல், ரெண்டு பெட்டை.

ஏன் வளத்தான்னு கேளு. ஒரு வருஷம் மழையே இல்ல. அந்த வருஷந்தான் அவ புருஷனும் போய்ச் சேந்தான். வீட்டுல ஒரு மணி நெல்லு இல்ல. ஆனா காலையில பஞ்சாரத்தத் தூக்கிவிட்டா, பஞ்சாரம்னா கோழிய மூடி வைக்கிற கூடை, அதுங்க பாட்டுக்குக் காட்டுப் பக்கம் போயி, பரக் பரக்னு கரையானக் கிளறித் தின்னுட்டு, இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேரும். முட்டையும் போடும். அந்த முட்டையிலதான் அவ மக பூமயிலு பொழச்சா. தன் புள்ளைக்குப் பால் குடுத்தவள மறப்பாங்களா? இருளாயிக்கு அந்தக் கோழிங்க அப்படி.

ஆனா அவளுக்கு ஒரு பிடிவாதம். முட்டைய யாருக்கும் அடைக்குக் குடுக்க மாட்டா. குஞ்சும் குடுக்க மாட்டா. "கண்ட சேவலோட விட்டு இனத்தக் கெடுத்துருவாங்க"ம்பா. எல்லாம் அவ வீட்டுலயேதான் இருக்கணும்.

அப்போ ஒரு வியாபாரி சைக்கிள்ல ட்ரிங் ட்ரிங்னு வந்தான். "கேட்ட வெல தாரேன் தாயி, சேவலக் குடு"ன்னான்.

"வேற வீடு பாருய்யா"ன்னுட்டா.

அப்புறம் பூசாரி வந்தாரு. "முனியசாமி சாம்பச்சேவல் கேக்குதும்மா."

"என்கிட்ட ஒண்ணும் கேக்கலையே சாமி"ன்னா. பொங்கலுக்கு அரிசி குடுத்து அனுப்பிச்சுட்டா. ம்?

அப்புறம் மூணாவதா வந்தவங்ககிட்டதான் அவ வாய் எழும்பல. பூமயிலுக்குக் கல்யாணமாச்சு. மாப்பிள்ளை பேரு தவசி. நல்ல பையன், சோத்து மேல மட்டும் பிரியம் ஜாஸ்தி, உன்ன மாதிரின்னு வச்சுக்கயேன். ரெண்டு பேரும் மொத விருந்துக்கு வந்தாங்க. மொத விருந்துன்னா நாட்டுச்சேவல் அடிக்கணும். இருளாயி மேலத்தெருவுக்கு ஓடினா, வெள்ளக்கோழி. கீழத்தெருவுக்கு ஓடினா, வெள்ளக்கோழி. வேர்க்க விறுவிறுக்கப் பக்கத்து ஊருக்கே போனா, அங்கயும் வெள்ளக்கோழி. அதையே போட்டா என்னவாம்? 'பண்ணைக்கோழியப் போட்டு அனுப்பிச்சவ மகதானே நீ'ன்னு மாமியாக்காரி வாழ்நாள் பூரா குத்திக் காட்டுவா. பூமயிலு வாயத் திறந்து கேக்கல. நிலைப்படியில நின்னு சேவலப் பாத்தா, அம்மாவப் பாத்தா, தலையக் குனிஞ்சுக்கிட்டா.

அப்போ இருளாயி கைநெறைய அரிசிய எடுத்து, "பா, பா, பா"ன்னு கூப்பிட்டா. வேற யாரு கூப்பிட்டாலும் எகிறி ஓடுற சேவல், அவ கைக்குத் தானா வந்துச்சு. எனக்கே சொல்ல முடியல, விடு.

கொழம்பு தளபுளன்னு கொதிச்சுது. அவ கண்ணத் தொடச்சுக்கிட்டு, வெங்காயம்னா. தவசி வெளுத்துக் கட்டிட்டு, "அத்தை, இப்படி ஒரு ருசி நான் பாத்ததில்ல. அடுத்த தடவையும் இதே சேவல்தான்"னான்.

"சரி மாப்ள"ன்னா. வேற என்ன சொல்லுவா?

ராத்திரி பூமயிலு அவன்கிட்ட விஷயத்தச் சொல்லிட்டா. விடிஞ்சதும் அவன் மூஞ்சி தொங்கிப் போயி வந்து நின்னான். "தெரியாமத் தின்னுட்டேன் அத்தை."

"அடிச்சது நானு. நீங்க என்ன பண்ணுவீங்க? உக்காருங்க."

அந்த நேரம் பாத்து ஒரு பெட்டை கொக்கொக்கொக் கொக்கரக்னு கத்துச்சு. முட்டை போட்டிருக்கு. மாப்பிள்ளை வீட்டுல இருக்காரேன்னு அதை எடுத்துப் பொரிக்கப் போனா இருளாயி. கைப்பழக்கம்.

தவசி எந்திரிச்சே நின்னுட்டான். "அத்தை, எனக்கு மோர்ச்சோறு போதும். அதை வச்சிருங்க."

அப்பத்தான் அவளுக்கு உறைச்சுது. சேவல் போனாலும், அதோட சேந்திருந்த பெட்டை கொஞ்ச நாளைக்கிக் கருவுள்ள முட்டைதான் போடும். அது அவளுக்குத் தெரியாததா? துக்கத்துல புத்தி ஓடல, அம்புட்டுதான். அன்னிலேருந்து போட்ட முட்டையெல்லாம் தவிட்டுப் பானைக்குள்ள போச்சு. ஒரு பெட்டை கர்ர் கர்ர்னு அடைக்கு உக்காந்துச்சு. இடிச்சத்தத்துல கெட்டுருமேன்னு கரித்துண்டும் ஆணியும் பக்கத்துல போட்டு வச்சா. அப்படியும் பாதி கூமுட்டையாப் போச்சு. மீதியில டொக், டொக், டொக். கீச் கீச்னு குஞ்சு.

ஆனா குஞ்சப் பாத்துச் சேவலா பெட்டையான்னு சொல்ல முடியாதே. எல்லாமே பெட்டையாப் போச்சுன்னா இனம் அதோட முடிஞ்சுது. இருளாயி தெனம் அதுங்க கொண்டையத் தடவித் தடவிப் பாப்பா. கண்ணு மூடுதா? ம் சொல்லு... ம். ஒரு நாள் விடியக்காலம், கொ... கொக்... கொர்னு ஒரு சத்தம், சளி புடிச்ச தொண்டையாட்டம். கூவத் தெரியாமக் கூவுது. அப்புறம் இன்னொண்ணும் கூவுச்சு. ரெண்டு சேவல். இருளாயி அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதா.

அழுது முடிச்சதும் ஒண்ணு நெனச்சா. 'எல்லாத்தையும் ஒரே வீட்டுல பூட்டி வச்சேன், அதனால ஒரு விருந்தோட போகப் பாத்துச்சு.' யாருக்கும் ஒரு முட்டை குடுக்காதவ, தவசி அடுத்த தடவை வந்தப்போ, ஒரு சேவல், ரெண்டு பெட்டையக் கூடையில வச்சு, சேவலத் தின்ன மாப்பிள்ளை கையிலயே குடுத்தா. "உங்க வீட்டுலயும் வளத்துக் குடுங்க மாப்ள"ன்னா.

அப்புறம் ஆடி மாசம் பூமயிலு தனியா வந்தா. இருளாயி மகளத் தண்ணிகூட குடிக்க விடல.

"சேவல் இருக்கா?"

"இருக்கும்மா. நாத்தனா வீட்டுக்காரரு மொத விருந்துக்கு வந்தாரு. எங்க அத்தை அருவாமணைய எடுத்துட்டாங்க. இவரு பஞ்சாரத்து மேல உக்காந்துக்கிட்டு எந்திரிக்கவே இல்ல."

"அப்புறம்?"

"விருந்தாளிக்குப் புளிக்கொழம்புதான். ஊரே சிரிச்சுது. அத்தை இவருகூட இன்னும் பேசல."

இருளாயி அப்பத்தான் மகளுக்குத் தண்ணி மோந்து குடுத்தா. "என்னால அப்படி உக்கார முடியலையே மயிலு"ன்னா.

அம்புட்டுதான் கதை. சேவல் பஞ்சாரத்துக்குள்ள போயாச்சு, நீயும் போர்வைக்குள்ள போ. ம் கூட வேண்டாம், தூங்கு.