ஆவுடையம்மாளும் நாலு ரம்பமும்

தென்காசியில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. வீட்டுக்கு வேண்டிய சின்னச் சின்ன சாமான்களைத் தாங்களே செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பேச்சிமுத்து தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார். ஒன்று கேட்டால் அரைதான் பதில் வரும். சிலருக்கு அது பிடித்தது, பலருக்கு எரிச்சலாக இருந்தது.

ஆவுடையம்மாளுக்கு எரிச்சல்தான். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருந்தவள் அவள். ஆசானைவிட இருபது வயது மூத்தவள். அதனால் சிஷ்யை ஆசானைத் தம்பி என்றாள், ஆசான் சிஷ்யையை யக்கா என்றார்.

அவள் கணவர் உலகநாதனுக்குப் பக்கவாதம் வந்து, இடது கால் இழுத்துக்கொண்டது. அறையிலிருந்து குளியலறைக்கு இறங்கும் இடம் நல்ல உயரம். ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டுப் பார்த்தார்கள். அது வழுக்கி, மனிதர் விழுந்தார். அன்றிலிருந்து எல்லாம் அறைக்குள்ளேயே, ஒரு வாளியில். சட்டையில் ஒரு சுருக்கம் இருந்தாலும் வெளியே போகாத மனிதர் அவர். கூசிப்போனார்.

"கடையில வாங்குனதுல இனிமே காலை வைக்க மாட்டேன்" என்றார். "நீ ஒரு படி செஞ்சு போடு. இறங்குதேன்."

கோபத்தில் சொன்னாரா, நம்பிச் சொன்னாரா என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கொட்டகைக்கு வந்துவிட்டாள்.

"எந்த ரம்பம் வாங்கட்டும், தம்பி?"

"நெடுக்கால அறுக்கப் பெரிய பல்லு. குறுக்கால அறுக்கச் சின்னப் பல்லு. நெடுக்கு வேலையை நான் முடிச்சுத் தாரேன். யக்காவுக்குச் சின்னப் பல்லு ஒண்ணு போதும்."

வாங்கினாள். நாலு கால் அறுத்து, மேலே பலகை வைத்துப் பார்த்தாள். படி ஆடியது.

அடுத்த வாரம் இன்னொரு ரம்பத்தோடு வந்தாள். அதிலும் ஆடியது. அதற்கடுத்து, முதுகில் பித்தளைப் பட்டை போட்ட ஒன்று. பிறகு, இழுக்கும்போது மட்டும் அறுக்கும் ஜப்பான்காரன் ரம்பம். ரம்பக் கடைக்காரன் அவளைக் கண்டால் நாற்காலி போட ஆரம்பித்தான். வீட்டில் வாளி இருந்த இடத்திலேயே இருந்தது.

"எனக்கு ஒண்ணும் வாய்க்கலை" என்றாள் பேச்சிமுத்துவிடம். "நாளெல்லாம் சுவரைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்காரு. இந்த நாலுல எது நல்ல ரம்பம்? ஒரு வார்த்தை சொல்லுங்க."

அவர் ரம்பங்களை ஓரமாக அடுக்கி வைத்தார். ஒரு மரச்சட்டத்தில், கோடு நேராக விழ மூலைமட்டம் வைத்து, நாலு பக்கமும் சுற்றிப் பென்சில் கோடு போட்டார். அப்படி நாலு இடத்தில்.

"ஒவ்வொரு ரம்பத்துலயும் ஒரு துண்டு போடுங்க."

போட்டாள். அவர் அவளைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, துண்டுகளைக் கலைத்து, அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி வரிசையாக நிறுத்தினார்.

"எது எந்த ரம்பத்துல அறுத்தது?"

குனிந்து பார்த்தாள். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள்.

"தெரியலையே."

"கோட்டுல அறுத்தது எது?"

பென்சில் கோடு நாலிலும் அப்படியே இருந்தது. தரைக்குச் சற்று மேலே, ஒன்றில் அரிசியளவு, ஒன்றில் உளுந்தளவு.

"ஒண்ணும் இல்ல."

"கோட்டுக்கு உள்ள வந்தது?"

"அதுவும் இல்ல. எல்லாம் வெளிய."

"ஏன் யக்கா?"

ஆவுடையம்மாள் தன் வலது கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"தையலுக்கு விட்டிருக்கேன், தம்பி!"

சாக்குக்கட்டியால் போட்ட கோட்டின் மேல் எந்தத் தையல்காரியும் வெட்ட மாட்டாள். பிடித்துத் தைக்க வெளியே கொஞ்சம் விடுவாள். கல்யாணப் பெண்ணின் ரவிக்கை என்றால், நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ளட்டும் என்று இன்னும் தாராளமாக விடுவாள். முப்பது வருஷம் அப்படி வெட்டிய கை அது. குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று கோட்டைக் கண்டதும் தானாக ஒதுங்கிப்போனது.

"உங்க படியை யாரு பிரிச்சுத் தைக்கப் போறா?" என்றார் பேச்சிமுத்து.

அவள் முதலில் வாங்கிய ரம்பத்தை எடுத்தாள். கோட்டின் மேல் வைத்தாள். கை ஒதுங்கியது. திரும்பவும் கொண்டுவந்து வைத்தாள். அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிறு கொட்டகை வாசலில் ஆட்டோவில் படி வந்து இறங்கியது. நாலு கால், குறுக்குச் சட்டங்கள், மேலே கனமான வேங்கைப் பலகை. காலுக்கு அடியில் வழுக்காமல் இருக்க ரப்பர். சிமெண்டுத் தரையில் வைத்தாள். நாலு மூலையையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். இம்மியும் ஆடவில்லை. பெருமை முகத்தில் தெரிந்தது. அதை மறைக்கவும் அவள் மெனக்கெடவில்லை.

பேச்சிமுத்து படியைக் கவிழ்த்தார். இணைப்புகளில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு நிமிர்த்தி வைத்தார்.

"அத்தான் பாத்தாரா?"

"இல்ல. தையல்கடையிலேயே வச்சுச் செஞ்சேன். இப்பதான் வீட்டுக்குக் கொண்டுபோறேன். அவரு மறுபடியும் விழுந்தா, பொறவு எந்திரிக்கவே மாட்டாரு, தம்பி."

அவர் பலகையில் இருந்த மரத்தூளை ஊதினார்.

"தாங்கும்லா?"

அவர் மூலைமட்டத்தை எடுத்து ஆணியில் மாட்டினார்.

"நீங்க ஒரு தடவ ஏறி நின்னு பாத்துச் சொல்லிருங்க. எனக்கு மனசு ஆறிரும்."

"நான் ஏறலாம்" என்றார் பேச்சிமுத்து. "‘நீ ஏறிப் பாத்தியா’ன்னு அத்தான் கேட்டா என்ன சொல்லுவீங்க?"

ஆவுடையம்மாள் படியைத் தன் பக்கம் இழுத்து வைத்தாள்.

செருப்பைக் கழற்றினாள். சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது காலை இழுத்து இழுத்துப் படிக்கு வந்தாள். உலகநாதன் எப்படி வருவாரோ அப்படி. ஏறினாள். முழுப் பாரத்தையும் ஒற்றைக் காலில் போட்டு நின்றாள். இறங்கினாள். இன்னொரு தடவை ஏறினாள்.

பிறகு படியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, எதுவும் கேட்காமல் கிளம்பினாள்.