வாயசைப்பு

“அழ வேண்டிய இடத்துல சிரிச்சுத் தொலைச்சாங்க குருவே! எனக்கு இனிமே சினிமாவே வேணாம்.”

பியரோ இப்படி வந்து நின்றபோது இயக்குநர் எத்தோரே தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்.

ஆளைப் பார்த்தால் தெரியாது. ஆனால் இத்தாலியில் கூலிக்காரர்களைப் பற்றிப் படம் என்றாலே இவர் பெயரைத்தான் சொல்வார்கள். சுரங்கத் தொழிலாளி, மீனவர், வேலைநிறுத்தம் என்று ஆயுசு முழுக்க அதையே எடுத்தவர். தணிக்கைக்காரர்கள் முடக்கிப் பார்த்தார்கள், மனுஷன் அசரவில்லை.

பியரோ அவரிடம் உதவியாளராகவே இருந்து தலை நரைத்தவன். இதுதான் சொந்தமாக எடுத்த முதல் படம்.

“யாரு சிரிச்சது?”

“நடிச்சவங்களேதான்! நெல் வயல்ல களை பறிக்கிற பொம்பளைங்க. ரோம்ல படம் பாத்தவங்க எல்லாம் கண்ணைத் துடைச்சாங்க. இவங்க ஊர்ல போட்டா, பிள்ளையைப் பறிகொடுத்தவளா அவங்கள்ல ஒருத்தி, பல்மீரா, பேசுற இடத்துல ஒரே சிரிப்பு. ‘இவளுக்கு எப்பம்மா பட்டணத்து வாய் வந்துச்சு’ன்னு கேலி வேற!”

“குரல் யாரு?”

“ரோம்ல பெரிய நாடக நடிகை.”

அங்கே அதுதான் வழக்கம். படப்பிடிப்பில் வாய் அசைந்தால் போதும். ஒன்று, இரண்டு என்று எண்ணினாலும் சரி. குரலைப் பிறகு ஸ்டூடியோவில் வேறு யாராவது கொடுப்பார்கள்.

எத்தோரே கத்தியைக் கீழே வைத்தார். “கிளம்பு.”

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் படம் ஓடியது. திரையில் பல்மீரா வாயைத் திறந்ததும் எத்தோரே எழுந்துபோய் ஒலியை நிறுத்திவிட்டார்.

பியரோ பதறி எழுந்தான். “ஐயோ, குருவே!”

“பேசாம உக்காரு.”

சத்தமே இல்லாமல் அவள் உதடுகள் மட்டும் அசைந்தன. ஒருத்தரும் சிரிக்கவில்லை. உதட்டைப் பார்த்தே அவள் சொல்வது அவர்களுக்குப் புரிந்துவிட்டது. முன்பெஞ்சில் இருந்த பெண் தலைத்துணியை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் பக்கத்திலிருந்தவளும்.

பியரோ எழுந்தான். கடைசி பெஞ்சில் இருந்த பல்மீராவிடம் போனான்.

“ஏம்மா, ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணத்தானே சொன்னேன்?”

“சொன்னீங்க. எனக்குத்தான் வேற என்னென்னவோ வந்துடுச்சு.”

“என்னம்மா சொன்னீங்க?”

பல்மீரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

“நீங்க பக்கத்துலதானே நின்னீங்க?”