இடக்கை பிடித்த சுரம்

காரைக்குடியில் தையல்கடை வைத்திருந்த திலகவதியின் இரண்டு கைகளும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வலக்கை அக்கா, இடக்கை தங்கை.

கத்தரிக்கோல் பிடிப்பது, அளவு குறிப்பது, கொக்கி தைப்பது எல்லாம் அக்கா. துணி நகராமல் அமுக்கிப் பிடிப்பது தங்கை. ஜாக்கெட் கச்சிதமாக அமைந்துவிட்டால், "உங்க கையே கை" என்பார்கள் வாடிக்கைக்காரப் பெண்கள். அது எந்தக் கை என்பதில் இருவருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, ஐம்பத்து மூன்றாம் வயதில், திலகவதி வயலின் வகுப்பில் சேர்ந்தாள்.

"பயப்படாதே, நான் இருக்கேன். நீ வழக்கம்போல பிடிச்சுக்கிட்டா போதும்" என்றது வலக்கை.

வயலின் டீச்சர் சுகன்யாவுக்கு அவள் வயதில் பாதிதான் இருக்கும். குழந்தைகள் நடுவே திலகவதியைத் தரையில் உட்காரவைத்து, வயலினைக் கையில் கொடுத்துச் சொன்னாள்: "அக்கா, வலது கையில வில்லைப் பிடிச்சு இழுங்க. சுரம் பிடிக்கிறது பூரா இடது கை."

வலக்கைக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நான் குச்சி இழுக்கணும், இவ சுரம் பிடிக்கணுமா?" அந்தக் கோபத்தில் வில்லை அழுத்தி இழுத்தது. வயலின் கீச்சென்று அலறியது. குழந்தைகள் சிரித்தார்கள்.

இடக்கை தடுமாறியது. இங்கேதான் விரல் வை என்று வயலினில் கோடு எதுவும் கிடையாது. ரி-யைத் தேடிப்போன விரல் வேறெங்கோ போய் நின்றது.

"சும்மா பிடிச்சுக்கிட்டு இருந்தவளுக்கு இதெல்லாம் வருமா?" என்றது வலக்கை.

மறுநாள் கடையில் துணியை அமுக்கியபடியே இடக்கையின் விரல்கள் மெல்ல அசைந்தன. சரிகம, சரிகம.

"ஆடாம இருடி, வெட்டு கோணிக்கும்!"

"கோவிச்சுக்காதே அக்கா. விட்டா மறந்துடும்."

விரல்கள் நடனமாடுவதைப் பார்த்துவிட்டு ஒரு பெண் கேட்டாள்: "இந்த வயசுல எதுக்குக்கா இதெல்லாம்?"

"இந்த வயசுலதானே எனக்கு நேரம் கிடைச்சிருக்கு" என்றாள் திலகவதி.

மாதங்கள் போயின. விஜயதசமியன்று மாணவர்கள் எல்லாரும் பெற்றோர் முன்னால் வாசிக்க வேண்டும் என்றாள் டீச்சர். அன்று கூடம் நிறைந்திருந்தது. ஒரு சின்னப் பெண் வாசித்து வெளுத்துவாங்கிவிட்டு எழுந்தாள். அடுத்தது திலகவதி.

வில் தந்தியைத் தொட்டதும் தத்தித் தத்திக் குதித்தது. கூடத்தில் சலசலப்பு. வலக்கை வெலவெலத்துப் போயிருந்தது.

"தங்கச்சி, எனக்கு நடுங்குதுடி. எத்தனை பட்டுத்துணியை வெட்டியிருக்கேன், ஒரு நாளும் இப்படி நடுங்கினதில்லை. எழுந்து போயிடலாம்."

"எனக்குத் தினமும் இப்படித்தான் இருந்துச்சு அக்கா. அவசரப்படாதே. ஒரே ஒரு தடவை நீளமா இழு. சுரத்தை நான் பார்த்துக்கிறேன்."

வலக்கை முதல்முறையாகத் தங்கையின் பேச்சைக் கேட்டது. வில்லை நிதானமாக, கடைசிவரை இழுத்தது. அதற்காகவே காத்திருந்த விரல் சரியான இடத்தில் நின்றது. சுரம் பிசிறில்லாமல் எழுந்து கூடத்தின் கடைசி வரிசைவரை போயிற்று. அதன் பின்னால் அடுத்தது. அதன் பின்னால் இன்னொன்று. ஒரு கீதம் முழுவதையும் திலகவதி எங்கும் நிற்காமல் வாசித்து முடித்தாள். முடித்தபோது அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. வகுப்பில் அவளைப் பார்த்துச் சிரித்த குழந்தைகள்தான் பலமாகக் கைதட்டினார்கள்.

வாசித்தவர்களுக்கெல்லாம் டீச்சர் ஒரு ரோஜாப்பூ கொடுத்தாள். திலகவதி வயலினைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். வலக்கை பழக்கத்தில் முன்னால் நீண்டது. பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது.

"அங்கே என்னடி பண்றே? நீயும் வா. நீ இல்லாம இதை நான் வாங்கமாட்டேன்."