சிரிக்காமல் எழுந்தவள்

குமுதவல்லி சினிமாவில் செத்துப்போவதற்கென்றே பேர் வாங்கியவள். கதாநாயகனுக்கு அம்மா என்றால் இடைவேளைக்கு முன் பாடையில் இருப்பாள். தியேட்டரே அழும். தயாரிப்பாளர் மட்டும் சந்தோஷமாக இருப்பார்.

ஒரு நாள் அவள் மதுரைக்கு வந்து வாத்தியாரம்மாவின் முன் நின்றாள். நாடகக் கொட்டகையில் அவளுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த நாகரத்தினம்தான் வாத்தியாரம்மா. வயதில் குமுதவல்லியைவிட இளையவள். ஆனால் நடை பழகியதே மேடையில்.

"எனக்குச் சிரிப்பு வரமாட்டேங்குது வாத்தியாரம்மா."

"வராட்டி என்ன? சாகிறதுக்குச் சிரிப்பு எதுக்கு?"

"இந்தத் தடவை நாந்தான் கதாநாயகி. முதல் காட்சியே வாய்விட்டுச் சிரிக்கணும். இப்படி ஒரு படம் வரும்னுதானே இத்தனை வருஷமும் செத்தேன்?"

"எப்ப இருந்து வரல?"

குமுதவல்லி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

பிணமாக நடித்தவர் எழுந்திருக்கும் முன் காமிராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். சினிமாக்காரர்கள் வழக்கம் அது. சிரித்துவிட்டால் தோஷம் கழிந்தது. கடைசிப் படத்தில் அவள் பாடையில் கிடந்தபோது மழை கொட்டியது. விளக்கெல்லாம் அணைந்தது. ஆளாளுக்குக் காமிராவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளைச் சிரிக்கச் சொல்ல ஒருவரும் இல்லை. கண்ணைத் திறக்காமல் காத்திருந்தாள்.

"அப்ப யாரோ என் தோளைத் தொட்டாங்க. 'நீ போ, நான் படுத்துக்கிறேன்'னு சொன்னாங்க. என் குரல் மாதிரியே இருந்துச்சு. திரும்பிப் பார்க்காம வந்துட்டேன்."

வாத்தியாரம்மா கேலி செய்யவில்லை. குமுதவல்லிக்கு அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கொட்டகையில் பகலிலும் இருட்டு. வாத்தியாரம்மா ஒரு பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டியைப் போர்த்தினாள். குமுதவல்லி பழக்க தோஷத்தில் படுக்கப் போனாள்.

"நீ படுத்தது போதும். கீழ உட்காரு. அன்னிக்குச் செத்தவ பேரு என்ன?"

"அம்மா."

"பேரு கேட்டேன்."

"வசனத்துல அம்மான்னுதான் இருந்துச்சு."

"அதுக்கு முந்தி செத்தவ?"

"அவளும் அம்மாதான்."

"அத்தனை பேரையும் அங்கங்க போட்டுட்டு, நீ சிரிச்சுட்டு எந்திரிச்சு வந்தே."

"அது தோஷம் கழியிறதுக்கு."

"உனக்குக் கழிஞ்சுச்சு. கெடந்தவளுக்கு யாரு அழுதா?"

"படத்துல எல்லாரும் அழுதாங்களே."

"அவங்க கூலிக்கு அழுதாங்க. நீ அழுதியா?"

குமுதவல்லி பெஞ்சின் பக்கம் திரும்பினாள். வேட்டி நடுவில் லேசாகப் புடைத்திருப்பதை அப்போதுதான் பார்த்தாள். காற்று என்று நினைத்தாள். வாத்தியாரம்மா எழுந்து போய் சன்னலைச் சாத்தினாள். வேட்டி அமுங்கவில்லை.

"பேரு வச்சு அழு."

"என்ன பேரு வைக்க?"

"வாயில வர்றதை வை."

"இருளாயி."

"அது யாரு?"

"நாந்தான். சினிமாவுக்கு வர்றதுக்கு முந்தி. பேரு நல்லால்லேன்னு மாத்திட்டாங்க."

அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட இப்போது யாரும் உயிரோடு இல்லை. குமுதவல்லி இன்னொரு தடவை அதைச் சொன்னாள். பிறகு மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். முகத்தை எந்தப் பக்கம் திருப்பினால் வெளிச்சம் விழும் என்ற நினைப்பே இல்லாமல், மூக்கு ஒழுக, அசிங்கமாக அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது.

அழுகை அடங்கியபோது கொட்டகைக்குள் ஒரு சிரிப்புக் கேட்டது. வாய்விட்ட சிரிப்பு. குமுதவல்லியின் குரல்தான்.

அவள் தன் வாயைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது.

வேட்டி பெஞ்சோடு படிந்து கிடந்தது.

"வாத்தியாரம்மா..." என்றாள்.

வாத்தியாரம்மா வேட்டியை எடுத்து மடித்தாள்.

"அவ சிரிச்சுட்டா. இனி நீ எந்திரி."